கடாரமும் கீழ்வாய் எண்ணும்: இரு பேரெண்களின் காரணிகள் கூறும் வரலாறு

முன்னுரை

தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களிலும் விழா மலர்களிலும் 'தமிழர் எண்ணறிவு' என்பது போன்ற தலைப்பில் ஒரு பட்டியல் இடம்பெறுவதைப் பலரும் கண்டிருப்பர். முந்திரியில் தொடங்கித் தேர்த்துகள் வரை இறங்கிச் செல்லும் பின்னங்களின் பட்டியல் அது. அதன் கடைசி வரியில் 22 இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண் பின்னத்தின் பகுதியாக நிற்கும். படிப்போர் வியப்பர், அடுத்த பக்கத்தைப் புரட்டுவர். அந்த எண் எவ்வாறு அமைந்தது, அதன் இயல்புகள் யாவை என வினவுவோர் அரியர்.

அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கென இரண்டு பேரெண்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் நில அளவின் பகுதி எண்ணாக வெளிப்படும் 52,428,800,000. மற்றொன்று, மேற்கூறிய பட்டியலின் இறுதி எண்ணாகிய 2,323,824,530,227,200,000,000. இவ்விரண்டையும் பகா எண் காரணிகளாகப் பிரித்து நோக்கினால் அவை ஒரே மரபின் இருவேறு பயன்பாடுகளைக் காட்டுகின்றன என்பது நம் கருத்து. கெடாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் கணிதம் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இந்த ஆய்வு நேரடியாகப் பயன்படும். இவ்வெண் மரபுக்கும் கெடாவுக்கும் உள்ள தொடர்பும் பழமையானது. அதனை முதலில் காண்போம்.

கடாரம் குறித்த செப்பேடும் கல்வெட்டும்

சோழர் ஆவணங்கள் கூறும் கடாரம் இன்றைய கெடா என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கொள்கை. மெர்போக் ஆற்றையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் சார்ந்த தொல்லியல் எச்சங்கள் இவ்விடம் பழங்காலத்தில் சிறந்த வணிகத்துறையாக விளங்கியதைக் காட்டுகின்றன. கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் அமைந்த சூளாமணிவர்ம விகாரத்தை எடுப்பித்தான். அவ்விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். லைடன் பட்டயம் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடு இச்செய்தியைத் தருகிறது.

அச்செப்பேட்டில் கணித ஆசிரியர் கருதத்தக்க ஒரு பகுதி உண்டு. ஊரின் நிலப்பரப்பு 97 வேலி என முழு எண்ணில் முடிவதில்லை. மா, காணி, அரைக்காணி, முந்திரிகை என இறங்கி, முந்திரிகைக்கும் 'கீழ்' உள்ள பின்னங்களையும் அது எண்ணிச் சொல்கிறது. அந்நிலத்தின் காணிக்கடன் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் என வரையறுக்கப்பட்டது. கடாரத்தின் பெயரோடு இணைந்த ஓர் ஆவணத்திலேயே தமிழ்க் கீழ்வாய் எண்கள் அரசு வரிக்கணக்கின் கருவியாக இயங்குவதைக் காண்கிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிலும் இத்தகைய இணைவு உண்டு. முதலாம் இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்திய செய்தி, அவனது 19 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் அக்கோயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் தந்தையின் கல்வெட்டுகள் அதே கோயிலுக்கு நிலம் வழங்கிய ஊர்களின் பரப்பைக் கூறுகின்றன. ஒரு வேலியின் 52,428,800,000 இல் ஒரு பங்கு வரையில் அக்கணக்கு இறங்கிச் செல்கிறது. கடாரத்தை வென்ற படையெடுப்பு நம் பாடநூல்களில் இடம்பெற்றது. அதே கோயிலில் உள்ள இந்த எண் பெரிதும் பேசப்படவில்லை.

320 என்னும் அடித்தளம்

கீழ்வாய் எண் முறையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஒன்றைப் பாதியாக்கிச் செல்லும் வரிசை ஒன்று: அரை, கால், அரைக்கால், மாகாணி. மாகாணி என்பது 1/16. வீசம் என்பதும் அதுவே. இருபதாகப் பகுத்து இறங்கும் வரிசை மற்றொன்று: மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. 16, 20 ஆகிய இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 80. ஆகவே காணி என்னும் அலகில் இரு வரிசைகளும் இணைகின்றன. காணியின் காற்பங்கே முந்திரி.

முந்திரியின் பகுதி எண்ணாகிய 320 இன் பகா எண் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டு மட்டுமே. 2 ஐ ஆறு முறை பெருக்கி, ஒரு முறை 5 ஆல் பெருக்கினால் 320 கிடைக்கும். முந்திரியினும் சிறிய அளவு வேண்டுமாயின் முன்னோர் புதிய பெயர்களைத் தேடவில்லை. 'கீழ்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து, முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, அதே அரை, கால், மா, காணி வரிசையை மீண்டும் தொடங்கினர். இவ்வாறு கீழ்முந்திரி என்பது 320 இல் 320 பங்கு, அதாவது 1/102,400 ஆயிற்று. நாம் புள்ளியின் வலப்புறத்தில் ஒவ்வோர் இடமாக நகரும்போது பத்தால் வகுப்பது போல, அவர்கள் ஒவ்வொரு 'கீழு'க்கும் 320 ஆல் வகுத்தனர். எனவே, 320 ஐ அடிமானமாகக் கொண்ட இடமதிப்பு முறை ஒன்றின் கூறு இதில் பொதிந்துள்ளது எனலாம்.

கல்வெட்டின் எண்

இனி 52,428,800,000 என்னும் எண்ணை நோக்குவோம். 320 ஐ நான்கு முறை ஒன்றோடொன்று பெருக்கினால் 10,485,760,000 வரும். அதனை 5 ஆல் பெருக்கினால் கல்வெட்டின் எண் கிடைக்கிறது. பகா எண் காரணிகளில் கூறுவதாயின், 2 இன் 24 ஆம் அடுக்கையும் 5 இன் 5 ஆம் அடுக்கையும் பெருக்கியதே இவ்வெண். இதனையே வேறு விதமாக, ஒன்றைப் பத்தொன்பது முறை இரட்டித்துப் பெறும் 524,288 ஐ ஓர் இலட்சத்தால் பெருக்கியது என்றும் கூறலாம். இதன் காரணிகளின் எண்ணிக்கை 25 ஐ 6 ஆல் பெருக்க வரும் 150. 3 ஆல் இது மீதியின்றி வகுபடாது. 7 ஆலும் வகுபடாது.

இவ்வளவு சிறிய நிலத்தை எவரேனும் அளந்திருப்பரா? ஒரு மா 33 செண்ட் என்னும் பிற்காலத் தஞ்சை வழக்கின்படி ஒரு வேலி 6.6 ஏக்கர், ஏறத்தாழ 26,700 சதுர மீட்டர். அதன் 52,428,800,000 இல் ஒரு பங்கு, அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே ஆகும். ஒரு நெல்மணி ஊன்றுவதற்கும் அவ்விடம் போதாது. ஆகவே இது கோல் கொண்டு அளந்து பெற்ற அளவன்று. கணக்கிட்டுப் பெற்ற அளவு என்பதே பொருந்தும். நீளத்தில் முந்திரியும் அகலத்தில் முந்திரியும் இருப்பின் பரப்பு கீழ்முந்திரிக்கு இறங்கும். அதனை மேலும் பெருக்கியும் பகுத்தும் வரியிலி நிலங்களைக் கழித்தும் செல்லும்போது 320 இன் அடுக்குகள் பெருகும். கணக்கர் இடையில் எதையும் தள்ளிவிடாமல் இறுதிவரை கொண்டு சென்றதன் விளைவே இந்த 11 இலக்க எண் எனக் கருதுகிறோம்.

இதில் பெருமைப்படத்தக்கது எண்ணின் பருமனன்று; கணக்கில் விடுபாடு கூடாது என்னும் ஒழுங்கே ஆகும். 2, 5 ஆகிய இரு பகா எண்கள் மட்டுமே வருவதும் இவ்வெண் வரிக்கணக்கின் அன்றாட அலகுகளிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றாகிறது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றை மூன்று சமபங்காக்க வேண்டுமாயின் 320 முந்திரியை 3 ஆல் வகுக்க வேண்டும். 106 முந்திரி வரும். அதாவது கால், மாகாணி, காணி, அரைக்காணி ஆகிய நான்கின் கூட்டுத்தொகை. ஆனால் 2 முந்திரி எஞ்சும். அதனைக் கீழ்முந்திரியாக்கி வகுத்தால் 213 வந்து 1 எஞ்சும். அடுத்த கீழில் மீண்டும் 106. அதற்கடுத்த கீழில் மீண்டும் 213. எத்தனை கீழ் இறங்கினும் முடிவு வாராது. பதின்ம முறையில் மூன்றில் ஒன்று முடிவின்றித் தொடர்வதற்கும் காரணம் இதுவே: 10 இன் காரணிகளிலும் 2, 5 அன்றி வேறில்லை.

பட்டியலின் எண்

இக்குறையைப் பின்னணியாகக் கொண்டு நோக்கும்போது, மரபாக வழங்கும் சிற்றிலக்கப் பட்டியல் புதிய பொருள் பெறுகிறது. அது கீழ்முந்திரிக்குக் கீழே பின்வருமாறு இறங்குகிறது. கீழ்முந்திரிக்கு 21 இம்மி. இம்மிக்கு 11 மும்மி. மும்மிக்கு 7 அணு. அணுவுக்கு 9 குணம். குணத்துக்கு 5 பந்தம். பந்தத்துக்கு 6 பாகம். பாகத்துக்கு 7 விந்தம். விந்தத்துக்கு 17 நாகவிந்தம். நாகவிந்தத்துக்கு 14 சிந்தை. சிந்தைக்கு 20 கதிர்முனை. கதிர்முனைக்கு 40 குரல்வளைப்படி. குரல்வளைப்படிக்கு 60 வெள்ளம். வெள்ளத்துக்கு 100 நுண்மணல். நுண்மணலுக்கு ஆறரைத் தேர்த்துகள்.

102,400 இலிருந்து தொடங்கி இவற்றை வரிசையாகப் பெருக்கினால் 2,323,824,530,227,200,000,000 சரியாகக் கிடைக்கிறது. அதன் பகா எண் காரணிகள் இவை: 2 இன் 22 ஆம் அடுக்கு, 3 இன் 5 ஆம் அடுக்கு, 5 இன் 8 ஆம் அடுக்கு, 7 இன் 4 ஆம் அடுக்கு, 11, 13, 17 ஆகியன ஒவ்வொரு முறை. 17 வரையுள்ள எல்லாப் பகா எண்களும் இதில் இடம்பெற்றுள்ளன. அதனால் 1 முதல் 18 வரையுள்ள ஒவ்வோர் எண்ணாலும் இப்பேரெண் மீதியின்றி வகுபடும். முதலில் வகுபடாதது 19. இதன் காரணிகள் மொத்தம் 49,680.

படிப்படியாக நோக்கின் இன்னும் தெளிவு பிறக்கும். கீழ்முந்திரியின் 102,400 ஐ 3 ஆல் வகுக்க இயலாது. 21 என்னும் முதற்படியிலேயே 3, 7 ஆகிய இரண்டும் நுழைகின்றன. அடுத்த படியில் 11 வருகிறது. 9 பெருக்கப்பட்ட குணம் என்னும் படியை அடையும்போது, அதன் பகுதி எண்ணாகிய 1,490,227,200 ஐ 1 முதல் 12 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுக்கலாம். 13 மட்டும் நெடுந்தொலைவு காத்திருக்கிறது. கடைசிப் படியாகிய ஆறரையின் வழியாகவே அது நுழைகிறது. ஆறரை என்பது 13 இன் பாதியன்றோ?

பட்டியலை அமைத்தோர் இந்நோக்கத்துடனேயே 21, 11, 17 ஆகியவற்றைத் தேர்ந்தனர் என அறுதியிட்டுக் கூற நாம் முற்படவில்லை. இத்தகைய பட்டியல்களில் பாடவேறுபாடுகள் உண்டு. எனினும், ஒரு படியில் இரட்டிப்போ பாதியோ மாறினாலும் 2 இன் அடுக்கு மட்டுமே மாறும். ஏனைய பகா எண்கள் நிலைத்திருக்கும். கல்வெட்டுக் கணக்கால் இயலாத மூன்று பங்கும் ஏழு பங்கும் பதினொரு பங்கும் இப்பட்டியலில் மீதியின்றி இயலும் என்பது கணிதத்தால் நிறுவப்படும் உண்மை. ஒன்று அலுவலகக் கணக்கின் எண். மற்றொன்று ஏட்டுக் கணக்கின் எண்.

இங்கே ஒரு தவறான கருத்தையும் களைதல் வேண்டும். பட்டியலில் 'அணு' என்னும் பெயர் வருவதால் பழந்தமிழர் இயற்பியல் அணுவை அளந்தனர் எனச் சிலர் எழுதுகின்றனர். அணு இங்கு 1/165,580,800 என்னும் பின்னத்தின் பெயரே. ஒரு வேலி நிலத்தில் ஓர் அணு என்பது ஏறத்தாழ 1.6 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தின் அளவு. தஞ்சைக் கல்வெட்டின் பின்னம் இந்த அணுவினும் 300 மடங்குக்கு மேல் சிறியது.

இராமானுசன் ஆய்வோடு ஓர் ஒப்பீடு

காரணிகள் மிகுந்த எண்களை முறையாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன். தனக்குக் குறைந்த எல்லா எண்களைக் காட்டிலும் மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றி அவர் 1915 இல் இலண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் தந்த அட்டவணையின் இறுதி எண் 6,746,328,388,800. 13 இலக்கமே கொண்ட அவ்வெண்ணுக்கு 10,080 காரணிகள் உள்ளன.

இத்தகைய எண்ணுக்கு இன்றியமையாத ஓர் இயல்புண்டு. சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரிய பகா எண்ணின் அடுக்கைவிடக் குறைந்திருத்தல் கூடாது. நம் பட்டியல் எண்ணில் 3 இன் அடுக்கு 5 ஆகவும் 5 இன் அடுக்கு 8 ஆகவும் உள்ளன. இவ்விரு அடுக்குகளையும் இடமாற்றினால் எண் சிறுத்துவிடும். காரணிகளின் எண்ணிக்கையோ மாறாது. எனவே தேர்த்துகள் எண் இராமானுசன் வகுத்த வகையைச் சார்ந்ததன்று. 20, 40, 60, 100 என்னும் படிகள் 5 ஐ மிகுதியாகச் சேர்த்ததே காரணம். பத்து, இருபது என எண்ணிப் பழகியோர் அமைத்த பட்டியல் என்பதன் தடம் அதன் அடுக்குகளிலேயே பதிந்துள்ளது.

கெடா நிலமும் பின்னமும்

கெடா 1909 இல் சயாமிய மேலாண்மையிலிருந்து பிரித்தானிய ஆதிக்கத்துக்கு மாறியது. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது அங்கு வந்து சேர்ந்த தமிழர்க்கு நிலம் சொந்தமாக இருக்கவில்லை. எனினும் அவர்கள் வாழ்க்கையைப் பின்னங்களே ஆண்டன. பெரட்டுக் களத்தில் கிராணி பதிந்த அரை நாள் கூலியும், கடைத்தெருவில் நிறுத்த தாகில் கணக்கும் அத்தகையவை.

அக்காலத்து அளவைகளைக் கீழ்வாய் எண்ணோடு பொருத்திப் பார்த்தால் வியக்கத்தக்க இசைவு தென்படுகிறது. 16 தாகில் ஒரு காத்தி. எனவே ஒரு தாகில் ஒரு வீசம். 100 காத்தி ஒரு பிக்குல். எனவே பிக்குலுக்கு 1,600 தாகில். அது 320 இன் ஐந்து மடங்கு. நில உரிமைப் பத்திரங்களில் வழங்கிய ஆங்கில அளவையில் ஒரு ஏக்கர் 4 ரூட். ஒரு ரூட் 40 போல். ஆகவே ரூட் என்பது ஏக்கரில் கால். போல் என்பது ஏக்கரில் அரைக்காணி. அரைப் போல் ஒரு முந்திரி. சோழர் வேலிக்கும் ஆங்கிலேயர் ஏக்கருக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஆனால் பாதியாக்கியும் ஐந்தாக்கியும் நிலத்தைப் பகுக்கும் எம்முறையும் 2, 5 ஆகிய அதே பகா எண்களையே சென்றடையும் என்பது இதனால் விளங்குகிறது.

பங்கிடும் தேவை விரைவில் கடுமையாக எழுந்தது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். இத்துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவான ஆய்வு மேற்கொண்டார். துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறு தவணைகளாகச் செலுத்திய பங்குத் தொகையைக் கொண்டு அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே. துண்டாடலுக்கு எதிரான விடையும் ஒரு பின்னமாகவே அமைந்தது: நிலத்தைப் பிரிக்காமல் உரிமையைப் பங்காக்குதல்.

சிறு நிலம் வாங்கிய குடும்பங்களில் பங்கீட்டின் சிக்கல் வேறு வடிவில் வரும். 5 ஏக்கர் நிலத்தை மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொள்வதாகக் கொள்வோம். 800 போலை 3 ஆல் வகுக்க ஒருவருக்கு 266 போலும் மேலும் மூன்றில் இரண்டு போலும் வரும். தஞ்சைக் கணக்கர் எதிர்கொண்ட அதே மீதிதான் இது. 160 இல் 3 என்னும் காரணி இல்லாத குறையை எந்த அளவுக்கோலும் தீர்க்காது.

வகுப்பறையில்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009 இல் அறிவிக்கப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் பற்றிய விவாதம் எழுந்தது. இம்மாற்றங்களின் ஊடே ஆசிரியரும் மாணவரும் கலைச்சொற்களை இருமுறை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பின்னம், தொகுதி, பகுதி, காரணி, அடுக்கு, பகா எண் ஆகிய சொற்கள் அகராதியில் இருப்பது மட்டும் போதாது. கணக்குச் செய்யும் வாயில் அவை புழங்க வேண்டும்.

இதற்கு நாம் ஆய்ந்த இரு எண்களும் சிறந்த பயிற்சிக் களம். ஆறாம் ஆண்டு மாணவர் 320 ஐக் காரணிப்படுத்தலாம்; 106 முந்திரியைக் கால், மாகாணி, காணி, அரைக்காணி எனப் பிரித்தெழுதலாம். இடைநிலைப்பள்ளி மாணவர் பட்டியலின் ஒவ்வொரு படியையும் பெருக்கிச் சரிபார்க்கலாம். 1 முதல் 18 வரை வகுபடுவதையும் 19 இல் தடைப்படுவதையும் காரணி கொண்டே விளக்கலாம். 22 இலக்க எண்ணை நீண்ட வகுத்தலின்றி ஆராய முடியும் என மாணவர் உணரும் இடமே கணிதக் கல்வியின் பயன். பட்டியலை மனனம் செய்து மேடையில் ஒப்பிப்பதைக் காட்டிலும் இது தமிழுக்குச் செய்யும் உறுதியான தொண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன இவை. கீழ்வாய் எண் முறை 320 ஐ அடிமானமாகக் கொண்டது. தஞ்சைக் கல்வெட்டின் 52,428,800,000 என்னும் எண் 2, 5 ஆகியவற்றால் மட்டுமே ஆகி, வரிக்கணக்கின் விடுபாடற்ற ஒழுங்கைக் காட்டுகிறது. சிற்றிலக்கப் பட்டியலின் 22 இலக்க எண் 17 வரையுள்ள எல்லாப் பகா எண்களையும் கொண்டு, எந்தச் சிறு பங்கீட்டுக்கும் இடமளிக்கிறது. இவ்விரு எண்களையும் ஒன்றெனக் குழப்பிப் போற்றுவதால் இரண்டின் சிறப்பும் மறைகிறது.

ஆனைமங்கலத்து நிலத்தைக் கீழ்முந்திரி வரை கணித்து எழுதிய கணக்கர் அதனைத் தமிழிலேயே செய்தார். அந்நிலம் கடாரத்து அரசன் எடுப்பித்த விகாரத்துக்குச் சென்றது. ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் அதே கடாரத்து மண்ணில் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவர் அக்கணக்கைச் சரிபார்க்க இயலுமாயின் அம்மரபு வாழ்கிறது எனலாம். அதற்குரிய சொற்களும் எண்களும் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கரும்பலகைக்குக் கொண்டுவருதல் ஆசிரியர் கடன்.